வரலட்சுமி நோன்பு

வரலட்சுமி நோன்பு என்பது திருமகளை வீட்டுக்கு எழுந்தருளச் செய்து பெண்கள் நோற்கும் விரதம். தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா, கர்நாடகம் ஆகிய மாநிலங்களில் இது பெருவழக்காக உள்ளது. கன்னடத்தில் வரமகாலட்சுமி விரதம் எனப்படும். ஆடி அல்லது ஆவணியில் வரும் சிராவண பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இதற்குரிய நாள். மரபாகச் சுமங்கலிகள் நோற்பது; கன்னிப் பெண்களும் நோன்புச் சரடு கட்டிக்கொள்வர்.

விரதக் கதை

சிவபெருமான் பார்வதிக்குச் சொன்னதாக அமைந்த கதை நோன்பன்று படிக்கப்படும். குண்டினபுரத்தில் வாழ்ந்த சாருமதியின் கனவில் திருமகள் தோன்றி இவ்விரதத்தை நோற்கச் சொல்கிறாள். சாருமதி அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் சொல்ல, அனைவரும் கூடி நோற்று வளம் பெறுகின்றனர். ஒருத்திக்குக் கிடைத்த அருள் ஊருக்கே பொதுவாவதுதான் இக்கதையின் உயிர்நிலை.

கலசமும் பூசையும்

வெள்ளி, செம்பு அல்லது பித்தளைச் சொம்பில் பச்சரிசி, மஞ்சள், வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், காசு ஆகியவற்றை இடுவர். சொம்பின் வாயில் மாவிலை செருகி, மஞ்சள் பூசிய தேங்காயை வைத்து, அம்மன் முகம் பொருத்திப் பூவும் நகையும் சாற்றுவர். காதோலை கருகமணியும் அணிவிப்பதுண்டு. தமிழ் இல்லங்கள் பலவற்றில் அம்மனை வாசற்படியருகே வைத்து ஆரத்தி எடுத்து, பாடி உள்ளே அழைப்பர். அர்ச்சனைக்குப்பின் கொழுக்கட்டை, பாயசம், வடை முதலியவற்றைப் படைத்து, ஒன்பது முடிச்சிட்ட மஞ்சள் சரட்டை வலக்கையில் கட்டிக்கொள்வர். மறுநாள் புனர்பூசை என்னும் நிறைவுப் பூசை முடிந்ததும் கலசத்தை அரிசிப் பானைக்குள் வைப்பது வழக்கம். கலசத்து அரிசி பின்னர் சமைத்து உண்ணப்படும்.

செல்வத்தின் பொருள்

கலசத்தில் காசு ஒரு பொருள் மட்டுமே. கலசத்தை நிறைப்பது அரிசி. செல்வம் என்பது பணம் மட்டுமன்று என்னும் இக்கருத்தின் விரிவே அட்டலட்சுமி வழிபாடு. ஆதி, தானியம், தைரியம், கஜம், சந்தானம், விஜயம், வித்தை, தனம் என்னும் எட்டில் தனம் ஒன்றே பொருட்செல்வத்தை நேராகக் குறிப்பது. உணவு, துணிவு, மக்கட்பேறு, கல்வி ஆகியவை அதனோடு சமநிலையில் வைத்து வணங்கப்படுகின்றன. இந்த எட்டு வடிவங்களுக்கும் தனித்தனிச் சன்னிதி கொண்ட கோயில் சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் உள்ளது. அதன் குடமுழுக்கு 1976-இல் நடந்தது.

அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கில் பொருளும் ஓர் உறுதிப்பொருளாதலால், செல்வத்தை வேண்டுவது இம்மரபில் குறையாகக் கருதப்படுவதில்லை. வந்ததைப் பகிர்வதே அதற்குரிய நெறி. நோன்பன்று மாலையில் அக்கம்பக்கத்துப் பெண்களை அழைத்து, அவர்களைத் திருமகளாகவே பாவித்து, மஞ்சள் குங்குமம், வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், இயன்றால் ரவிக்கைத் துணியும் வைத்துத் தாம்பூலம் தருகின்றனர். தாம்பூலம் கொடுத்த பின்னரே அன்றைய வழிபாடு நிறைவுற்றதாகக் கொள்ளப்படும்.