பண்டாரம் முதல் பெண்டஹாரா வரை

தீபாவளி நெருங்கினால் ஆயர் குரோவிலிருந்தும் ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் மலாக்கா நகரத்து ஜாலான் பெண்டஹாராவில் வந்து குவியும். புடவை, முறுக்கு மாவு, பூச்சரம் எல்லாம் அங்கேதான். கார் நிறுத்த இடம் தேடி ஜாலான் தெமெங்கோங் வரை சுற்றிவர வேண்டியிருக்கும். அந்தச் சாலைப் பெயருக்கு என்ன பொருள் என்று தமிழ்ப்பள்ளிப் பிள்ளையைக் கேளுங்கள், பதில் தயாராக இருக்கும்: மலாக்கா சுல்தானுக்கு அடுத்த நிலையில் இருந்தவர் பெண்டஹாரா. பாடப்புத்தகம் அவரோடு பெங்ஹுலு பெண்டஹாரி, தெமெங்கோங், லக்சமணா ஆகியோரையும் சேர்த்துப் பெரிய அதிகாரிகள் நால்வர் என்கிறது. கடைசிப் பெயர் நம் இலக்குமணன்தான். அண்ணனுக்குப் பின்னால் நின்ற தம்பியின் பெயரைக் கடற்படைத் தலைவனுக்குச் சூட்டியவர்களின் ரசனையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

பெண்டஹாரா என்ற சொல்லும் கப்பலேறி வந்ததே. வடமொழியில் பாண்டாகாரம் என்றால் பண்டங்களை வைக்கும் அறை. அதே குடும்பத்துப் பண்டாரம் தமிழில் பல வேடம் போட்டது. சோழர் கல்வெட்டுகளில் கோயில் கருவூலம் ஸ்ரீபண்டாரம். பிறகு பூக்கட்டும் பண்டாரம் வந்தார், மடத்தில் பண்டார சந்நிதி அமர்ந்தார். தமிழ் முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணிச் சட்டி முன் நிற்பவர் பண்டாரி. மலாய் மொழியிலோ இந்தச் சொல் அரண்மனைக்குள் நுழைந்து நேராக மேலே ஏறியது. கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறதோ அவரே ராஜாவுக்கு அடுத்தவர் என்பது துறைமுக நகரத்துக் கணக்கு. 1512 முதல் சில ஆண்டுகள் மலாக்காவில் இருந்த போர்த்துகீசியர் தோமே பிரெஸ், வழக்கும் வருமானமும் பெண்டஹாராவின் கையில் இருந்ததாகவே எழுதிவைத்தார். பண்டத்தைக் காக்கும் வேலைக்குப் பெண்டஹாரி என்ற தனிப் பெயர் நிலைத்தது. நம் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பொருளாளரை இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

பெண்டஹாரா நாற்காலியில் நெடுங்காலம் அமர்ந்தவர் துன் பேராக், 1456 முதல் 1498 வரை. சயாம் படையை விரட்டியவர் என்பதைவிட, மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு சொல்லும் வேறொரு கதைதான் ஆளைக் காட்டுகிறது. தெருவில் சேப்பாக் ராகா ஆடிக்கொண்டிருந்த அவர் மகன் உதைத்த பந்து, குதிரையில் போன இளவரசர் ராஜா முகமதுவின் தலைப்பாகையைத் தட்டிவிட்டது. இளவரசரின் தரப்பு அந்தப் பையனை அங்கேயே குத்திக் கொன்றது. பெண்டஹாராவின் ஆட்கள் ஆயுதத்தோடு திரண்டார்கள். துன் பேராக் அவர்களைத் தடுத்தார், சுல்தான் குடும்பத்தின் மீது கை வைக்கவில்லை. ஆனால் இந்த இளவரசர் நமக்கு அரசராகக் கூடாது என்பதில் மட்டும் அசையவில்லை. ராஜா முகமது பகாங்குக்கு அனுப்பப்பட்டார். அரியணையில் ஏறாமலேயே, அதில் யார் ஏறக்கூடாது என்று முடிவு செய்தவர் துன் பேராக்.

துன் பேராக்குக்கு முன் பெண்டஹாராவாக இருந்த துன் அலியின் தந்தை மணி புரிந்தான், கெலிங் நாடு என்று மலாய்க்காரர்கள் அழைத்த நம் கரையிலிருந்து வந்தவர். துன் பேராக்கோடு போட்டி முற்றியபோது, துன் அலி பதவியை விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக அவர் கேட்டது துன் பேராக்கின் சகோதரி துன் குடுவை. அவரோ அப்போது சுல்தானின் மனைவி. சுல்தான் மணவிலக்குச் செய்து கொடுத்தார்! அந்தத் திருமணத்தில் பிறந்த துன் முத்தாஹிர் 1500-இல் பெண்டஹாரா ஆனார். அழகர், செல்வந்தர், ஒரே நாளில் பல முறை உடை மாற்றி ஆளுயரக் கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்பவர். அவரைக் கவிழ்த்த வழக்கும் நம்மவர் வழக்குதான். நைனா சூரா தேவனா, ராஜா மெண்டலியார் என்ற இரண்டு பெரும் வணிகர்களுக்குள் தகராறு. மெண்டலியார் என்பதற்குள் ஒரு முதலியார் ஒளிந்திருப்பது தமிழ்க் காதுக்குக் கேட்கும். சூரா தேவனா இரவோடு இரவாகப் பெண்டஹாராவுக்குப் பொன் கொடுத்த செய்தி எதிராளிக்கு எட்டியது. மெண்டலியார் லக்சமணா கோஜா ஹசானைப் பிடித்தார். பெண்டஹாரா அரசுரிமைக்கு ஆசைப்படுகிறார் என்று சுல்தான் மஹ்முடின் காதில் ஓதப்பட்டது. பெண்டஹாராவின் மகள் துன் பாத்திமாவின் திருமணத்தால் சுல்தானுக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். 1510-இல் துன் முத்தாஹிரும் குடும்பத்து ஆண்களும் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டே மலாக்கா போர்த்துகீசியர் கையில் விழுந்தது.

கோட்டையைப் பிடித்த அல்புகெர்க் பதவிப் பெயரை மாற்றவில்லை. தமிழ் வணிகர் நைனா சாத்துவை பெண்டஹாரா ஆக்கினார். சுல்தான் காலத்துச் சிறையில் கிடந்த போர்த்துகீசியருக்கு அவர் செய்த உதவிக்குக் கிடைத்த பரிசு அது. 1514-இல் அந்தப் பதவி கம்பார் அரசர் அப்துல்லாவுக்குக் கைமாறியது. அவமானம் பொறுக்காத நைனா சாத்து நறுமணக் கட்டைகளை அடுக்கித் தீயில் இறங்கினார் என்று போர்த்துகீசிய வரலாறுகள் சொல்கின்றன. மலாக்கா தமிழர் இவரை மறந்தே போனோம். ஒரு சந்துக்குக்கூட அவர் பெயர் இருப்பதாக நான் பார்த்ததில்லை.

தெற்கே பெண்டஹாராக்களின் கதை வேறு விதமாகப் போனது. செஜாரா மெலாயுவோடு சேர்த்துப் பேசப்படும் துன் ஸ்ரீ லானாங் ஜொகூரின் பெண்டஹாரா. 1699-இல் ஜொகூர் சுல்தான் கொல்லப்பட்டதும் பெண்டஹாரா அப்துல் ஜலீல் அரியணை ஏறினார். 1880-களில் பகாங் பெண்டஹாரா வான் அகமதுவும் சுல்தான் ஆனார். புருணையில் பெங்கிரான் பெண்டஹாரா இன்றும் அரச குடும்பத்துப் பட்டம்.

இப்போது இரண்டாமவருக்கு மலாயில் திம்பாலான், நாயிப் என்று இரண்டு சொற்கள். அம்னோவில் தலைவருக்கு அடுத்தவர் திம்பாலான், அவருக்கும் கீழே மூன்று நாயிப். மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகள் இதை அழகாகப் பிரித்துக்கொண்டன: திம்பாலான் துணைத் தலைவர், நாயிப் உதவித் தலைவர். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் ம.இ.கா செய்தியைப் படித்துவிட்டு இரண்டும் ஒன்றுதானே என்று குழம்புவார்கள். ஒன்றல்ல, கட்சித் தேர்தலில் நின்றவரைக் கேட்டால் தெரியும். நாயிப் அரபுச் சொல். அதன் பன்மையை மரியாதைக்கு வைத்துக்கொண்டதே நவாப், நம் ஆற்காட்டு நவாப் உட்பட.

நாட்டின் துணைப் பிரதமர் பதவியைப் பற்றிக் கூட்டரசு அரசியலமைப்பில் ஒரு வரியும் இல்லை. துணைப் பேரரசருக்கு 33-ஆவது பிரிவு இருக்கிறது. துணைப் பிரதமரை உருவாக்கியது வழக்கம்தான். ஆனாலும் துங்குவைத் தவிர, துன் ரசாக் முதல் அன்வார் வரை பிரதமர் ஆன ஒவ்வொருவரும் எப்போதோ ஒரு காலம் துணைப் பிரதமராக இருந்தவர்களே. எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. துன் டாக்டர் இஸ்மாயில் 1973-இல் பதவியிலிருந்தபோதே இறந்தார். மூசா ஹீத்தாம் 1986-இல் விலகினார். 1998-இல் அன்வார் நீக்கப்பட்ட பிறகு சில மாதம் நாற்காலி காலியாகவே கிடந்தது. 2020-இல் முகிதீன் ஆட்சிக்கு வந்து ஓராண்டுக்கும் மேல் துணை இல்லாமலேயே ஓட்டினார்.

மலாக்காக்காரர்கள் இந்தப் பட்டியலில் தேடுவது காபார் பாபாவை. பள்ளி ஆசிரியராக இருந்து, 1959 முதல் 1967 வரை மாநில முதலமைச்சராகி, 1986-இல் மகாதீருக்குத் துணை ஆனவர். 1993-இல் அம்னோ துணைத் தலைவர் பதவிக்கு அன்வார் போட்டியிட்டபோது தொகுதிகளின் நியமனங்கள் அன்வார் பக்கம் குவிந்தன. காபார் போட்டியிலிருந்து ஒதுங்கினார், அரசாங்கப் பதவியையும் விட்டார். அன்வார் அந்த இடத்துக்கு வந்தார். 2022 நவம்பரில் அதே அன்வார் பிரதமராகி, அடுத்த மாதம் அகமட் ஸாஹிட், பாடில்லா யூசோப் என இருவரை ஒரே நேரத்தில் துணையாக வைத்துக்கொண்டார்.