சாம்பெய்ன் என்ற ஊரும் நம்ம கறுவாவும்

சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில் சாம்பெய்ன் என்று ஒரு ஊர் இருக்கு. சுமார் 28 ஹெக்டயர் திராட்சைத் தோட்டம், நுரை பொங்காத வெள்ளை வைன். ஊர்ப் பேரைத்தான் போத்தலில் ஒட்டினாங்க. அதுவே வழக்காப் போச்சு.

எதிரே நின்றது பிரான்சின் சாம்பெய்ன் பிரதேசம். வருஷத்துக்கு 30 கோடி போத்தல் அளவில் விற்கிற இடம். 1999-ல் சுவிசும் ஐரோப்பிய ஒன்றியமும் 7 ஒப்பந்தங்களை ஒரே கட்டாகக் கையெழுத்திட்டன. விமானப் போக்குவரத்தும் அதில் இருந்தது, விவசாய வர்த்தகமும் இருந்தது. விமானத்துக்காக எங்களை வித்துட்டாங்க என்பது ஊர்க்காரர் மனக்குறை. 2004-க்குப் பிறகு அந்தப் பேரில் வைன் விற்கத் தடை. ஊர்ச்சபை ஐரோப்பிய நீதிமன்றம் போனது. 2007-ல் மனு ஏற்கப்படவில்லை.

இரத்தோட்டையில் இருந்து இதை வாசிச்சா யார் பக்கம் நிக்கிறதுன்னு குழப்பம் வரும். நாமும் ஒரு பேரைக் காக்கப் போராடின நாடுதானே? 2022 பெப்ரவரியில் 'சிலோன் கறுவா' ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீடாகப் பதிவானது. இலங்கைக்கு அதுதான் முதலாவது. (நாட்டுப் பேர் 1972-லேயே மாறியாச்சு, பட்டை மட்டும் இன்னும் சிலோன்!)

ஆனா ரெண்டும் ஒண்ணில்ல. சீனா, இந்தோனேசியாவில் இருந்து வரும் கசியா வேறு மரம். பட்டை தடிப்பு, விலை மலிவு, கூமரின் அதிகம். அதைக் கறுவான்னு வித்தா வாங்கிறவர் ஏமாறுறார். நுரையே இல்லாத வைனை யார் மாறி வாங்கப் போறாங்க?

அமெரிக்காவில் இன்னைக்கும் கசியாவைக் கறுவா என்ற பேரிலேயே விற்கலாம். சட்டப்படி அங்கே அது தப்பில்லை.