சாரதிக்குப் பின்னே

முத்தாபுதுப்பேட்டை விமானப் படை நிலையத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகாயத்தில் பறப்பவர் ஒருவர்; அவரைப் பத்திரமாகப் பறக்க வைக்க எண்ணெய்க் கையோடு கீழே நிற்பவர்கள் பலர். பெயர் என்னவோ பறப்பவருக்குத்தான். கார்ப் பந்தயத்திலும் இதே கதைதான்.

பந்தயம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. வடகிழக்கே சோழவரத்தில், யுத்த காலத்து ஓடுதளத்தில், வெகுகாலம் கார்கள் சீறிப் பாய்ந்திருக்கின்றன. சென்னையில் பிறந்த கருண் சந்தோக் 2010-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கே போய்விட்டார். அவர் சேர்ந்த ஸ்பெயின் தேசத்து ஹிஸ்பானியா அணிக்கோ ஓயாத பணமுடை. பஹ்ரைனில் தகுதிச் சுற்று தொடங்கிய பிறகுதான் அவர் அந்தக் காரையே முதன்முதலாக ஓட்டினார். ஒத்திகையின்றி மேடையேறும் நடிகனுக்காவது வசனம் தெரிந்திருக்கும்!

அந்த அணியின் தொழில்நுட்பத் தலைவர் ஜெஃப் வில்லிஸ். வில்லியம்ஸ், ஹோண்டா, ரெட் புல் என்று பெரிய வாசல்களைக் கண்டவர். கையில் காசில்லாமல் என்ன செய்வார்? 2011 மார்ச்சில் மெல்போர்னில் அணியின் இரு கார்களுக்குமே வேகம் போதவில்லை. பந்தயத்தில் இறங்கவே அனுமதி கிடைக்கவில்லை. அவற்றில் ஒன்றை ஓட்டியவர் நம் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன்.

அவ்வாண்டு செப்டம்பரில் வில்லிஸ் விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரிசி வாங்கிப் போடாத வீட்டில் சமையற்காரர் எத்தனை நாள் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பார்? அடுத்து அவர் போய்ச் சேர்ந்த மெர்ஸிடிஸ் அணி, 2014 முதல் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடியது.

அவர் போன மறுமாதம், அக்டோபர் 30 அன்று, டில்லிக்கு அருகே இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம். நரேனுக்குக் கிடைத்தது பதினேழாம் இடம். ‘இவ்வளவுதானா?’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே அணியின் இன்னொரு காரில் அவருக்குப் பின்னால் வந்தவர் டேனியல் ரிக்கியார்டோ. பிற்பாடு எட்டுப் பந்தயங்களை வென்றவர்!

நிபுணர்கள் வெளியேறினால் எந்த அணியும் ஆட்டங்காணும். 1961-ல் கார்லோ கீட்டி முதலானோர் ஃபெராரியைவிட்டுக் கூட்டமாக வெளியேறினார்கள். மறுவருஷம் ஃபெராரிக்குச் சாம்பியன் போட்டியில் ஒரு பந்தய வெற்றிகூட இல்லை. ஆனாலும் அங்கே அஸ்திவாரம் இருந்தது. 1964-ல் பட்டம் மீண்டும் வந்தது. ஹிஸ்பானியாவில் நடந்ததோ வேறு. டிசம்பரில் அணித் தலைவர் காலின் கோலெஸும் போய்விட்டார். நரேன் இன்னும் ஓராண்டு ஓட்டினார். 2012 நவம்பரில் பிரேஸிலில் அவர் ஓட்டியதுதான் அந்த அணியின் கடைசிப் பந்தயம். மூன்று பருவங்களில் ஒரு புள்ளிகூட அது பெறவில்லை.