மைதானத்தில் ஒரு பிரார்த்தனை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் பள்ளிக்கூடக் கால்பந்து. ஊரே மைதானத்தில் கூடிவிடும். கால்வெஸ்டனுக்கு அருகிலுள்ள சாண்டா ஃபே என்ற சிற்றூரில், அரசுப் பள்ளி அணி சொந்த மைதானத்தில் ஆடும்போதெல்லாம், இதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் ஒருவர் ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் பிரார்த்தனை சொல்வது வழக்கமாக இருந்தது.

1995இல் இரு குடும்பங்கள் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. நாத்திகர்களாயிருப்பர் என்று நாம் எண்ணக்கூடும். இல்லை, ஒன்று கத்தோலிக்கக் குடும்பம், மற்றொன்று மார்மன் குடும்பம். ஊராரின் தொல்லைக்கு அஞ்சிய அவர்கள் பெயரை மறைத்தே வழக்காட நீதிமன்றம் அனுமதித்தது. அவர்கள் யாரெனத் துருவிக் கண்டுபிடிக்க முயல்வோரை எச்சரிக்கவும் அதற்கு நேர்ந்தது.

பள்ளி நிர்வாகம் வேறு வழி கண்டது. பிரார்த்தனை வேண்டுமா, வேண்டுமெனில் யார் சொல்வது என்று மாணவரிடையே இரண்டு வாக்கெடுப்புகள். 2000 ஜூன் 19இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் இதையும் நிராகரித்தது. வாக்கெடுப்பு சிறுபான்மையினரின் குரல் ஒருபோதும் ஒலிக்காதபடி செய்துவிடும் என்றார் தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ். விரும்பாதவர் வராதிருக்கலாமே எனில், ஆட்டக்காரரும் வாத்தியக் குழுவினரும் எப்படி வராதிருப்பர்? தீர்ப்பின் தொனியிலேயே மதத்தின்மீது பகைமை தெரிவதாகத் தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட் மாற்றுக் கருத்தில் கடிந்துகொண்டார்.

22 ஆண்டுகளுக்குப் பின் அதே நீதிமன்றம், அதே 6-3; முடிவு மட்டும் வேறு. வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டன் அரசுப் பள்ளியில் துணைப் பயிற்சியாளர் ஜோசப் கென்னடி ஆட்டம் முடிந்ததும் நடுமைதானத்தில் மண்டியிட்டு வேண்டுவார். நாளடைவில் மாணவர்களும் சூழ்ந்தனர். 2015இல் பள்ளி நிர்வாகம் தடுத்தது, அவர் வழக்காடினார். அது தனிமனிதரின் வழிபாடு, அரசமைப்பின் காப்புக்குரியது என்று 2022 ஜூன் 27இல் நீதிபதி கோர்சச் எழுதினார். மாற்றுக் கருத்தெழுதிய நீதிபதி சோட்டோமயோர், மாணவர் சூழ நின்ற நிழற்படங்களையே தம் உரையில் பதித்தார்.

பள்ளியின் ஒலிபெருக்கி வேறு, ஒருவர் தாமே மண்டியிடுவது வேறு. இந்த வேறுபாட்டை நாம் மறுப்பதற்கில்லை. ஆயினும் பிரெமர்டன் வழக்கில் ஒரு தந்தையின் முறையீடு பதிவாகியுள்ளது. கடவுள் நம்பிக்கையற்ற அவர் மகன், சேர்ந்து நிற்காவிட்டால் ஆட வாய்ப்புக் குறையுமோ என்றெண்ணி நின்றானாம். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் யார் ஆடுவது என்று முடிவு செய்வோரில் ஒருவர் அங்கே மண்டியிட்டிருந்தார்.

வேண்டியவரின் பெயர் வழக்கின் பெயராகவே நிலைத்துவிட்டது. சாண்டா ஃபேயின் இரு குடும்பங்களுக்கும், பிரெமர்டனின் அந்தச் சிறுவனுக்கும் தீர்ப்பேடுகளில் பெயரில்லை.