கடல் தாண்டிய கவி – 9: நிலவறையில் ஒரு சனிக்கிழமை

சென்ற வாரம் அவரை ஒரு படிக்கட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

ஆண்டு 1962. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து அதிக நாளாகவில்லை. அன்று சனிக்கிழமை. ஏ. கே. ராமானுஜன் ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்கு இறங்கிக்கொண்டிருந்தார். அவர் தேடிப் போனது பெரிய காவியம் எதையும் அல்ல. பழந்தமிழ் கற்க உதவும் ஒரு எளிய இலக்கணப் புத்தகம், பள்ளிப் பிள்ளைகள் படிப்பது போன்ற ஒன்று கிடைத்தால் போதும் என்றுதான் போனார்.

தமிழ் வீட்டில் பிறந்தவருக்கு முப்பத்து மூன்று வயதில் தமிழ் இலக்கணம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். மைசூர் வீட்டை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மேல்மாடியில் அப்பா, கணிதப் பேராசிரியர் கிருஷ்ணசாமி. அங்கே ஆங்கிலமும் சமஸ்கிருதமும். கீழே அம்மாவின் அடுப்படியில் தமிழ். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினால் கன்னடம். சோறு கேட்கவும், கதை கேட்கவும், திட்டு வாங்கவும் தமிழ் இருந்தது. ஆனால் சங்கப் பாட்டு அந்த அடுப்படி வரைக்கும் வந்து சேரவில்லை. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தார். கொல்லம், பெல்காம், பரோடா என்று ஊர் ஊராக அதையே கற்பித்தார். 1959இல் அமெரிக்கா போனதும் மொழியியல் படிக்கத்தான்.

நிலவறையில் இலக்கணத்தைத் தேடும்போது வேறொரு புத்தகம் தட்டுப்பட்டது. குறுந்தொகை. உ. வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட பதிப்பு. அடுக்குகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்து புரட்டத் தொடங்கினார். பாட்டு பிடிபடவில்லை. அதன் கீழிருந்த உரைநடையோ தெளிவாகப் புரிந்தது. அந்த உரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பாட்டுக்குள் போனார். தன் மொழியிலேயே இருந்த இந்தச் செல்வத்துக்குத் தான் ஒன்றும் அறியாத வாரிசாக இருந்துவிட்டோம் என்று பின்னாளில் எழுதினார்.

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்தி, அந்த உரை அங்கே எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும். குறுந்தொகைக்குப் பேராசிரியர் எழுதிய பழைய உரை ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். அது தொலைந்துவிட்டது. உரை இல்லாத 401 பாட்டுக்களுக்கு ஐயர் தாமே உரை எழுதினார். அது அச்சேறியபோது அவருக்கு வயது 82. ஐயர் காலமான 1942இல் ராமானுஜன் மைசூரில் பதின்மூன்று வயதுப் பையன். ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆனாலும் அந்தக் கிழவரின் கைதான் சிகாகோவில் கதவைத் திறந்துவிட்டது.

அந்தப் புத்தகத்துக்குள் நம்மவர் ஒருவரும் இருந்தார். ஈழத்துப் பூதன்தேவனார். 189, 343, 360 ஆகிய மூன்று பாட்டுக்கள் அவருடையவை. சங்க நூல்கள் எல்லாவற்றிலுமாக ஏழு. ஈழத்தைப் பெயரிலேயே சுமந்த ஒரு புலவர், ஓலையில் பல நூறு ஆண்டுகள் கிடந்து, அச்சேறி, அமெரிக்க நூலகம் ஒன்றின் அடித்தளத்தில் காத்திருந்தார் என்பதை நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது. எங்கள் வீட்டில் இருந்த குறுந்தொகை 2004 டிசம்பர் 26 காலையில் கடலோடு போயிற்று. மறுபடி ஒன்று வாங்க எனக்கு ஆறு வருடம் பிடித்தது. இரண்டாவது தடவை வாங்கியபோதுதான் அதை ஒழுங்காகப் படித்தேன்.

சரி, புத்தகம் கையில் வந்துவிட்டது. இனி அந்தப் பாட்டுக்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகவேண்டும். இனிமேல்தான் பெரிய சிக்கல்.

மாங்கேணிக் கரையில் விடியற்காலையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். தோணி போய் வலையைக் கடலில் வளைத்துவிட்டுத் திரும்பும். கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, அம்பாப் பாடி இழுப்பார்கள். முதலில் வருவது வெறும் கயிறு. கயிறு, கயிறு, பின்னும் கயிறு. அப்புறம் கண் அகன்ற வலை. அப்புறம் கண் நெருங்கிய வலை. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மடி. மடி மணலில் ஏறும்வரை உள்ளே இருப்பது சூடையா, கீரியா, வெறும் பாசியா என்று சம்மாட்டியாருக்கும் தெரியாது.

தமிழ் வாக்கியமும் அப்படித்தான். ‘போன பொழுதுக்குத் திரும்பாத தோணியை எண்ணி விளக்கணைக்காமல் விழித்திருந்த பெண்’ என்று நாம் சொல்கிறோம். யாரைப் பற்றிய பேச்சு என்பது கடைசிச் சொல்லில் வருகிறது. ஆங்கிலமோ பெண்ணை முதலில் சொல்லும். விளக்கும் தோணியும் அவளுக்குப் பின்னால் வரும். மடியை முதலில் மணலில் கொட்டிவிட்டுப் பிறகு கயிற்றைச் சுருட்டுவது போல. சங்கப் பாட்டில் ஒரு வாக்கியமே முழுப் பாட்டாக ஓடுவதுண்டு. சுனை, சுனைக்குப் பக்கத்தில் பாறை, பாறைமேல் குரங்கு என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் மனத்தைத் தொடும். வரிசையைத் தலைகீழாக்கினால் மீன் இருக்கும், இழுத்த இழுப்பு இருக்காது.

ராமானுஜன் இதை மொழியியலாளராக நன்றாகவே அறிந்திருந்தார். சொல்லுக்குச் சொல் வைப்பதை விட்டார். எந்தப் படிமம் முதலில் வருகிறது, எது எதற்குள் அடங்குகிறது என்ற அமைப்பைக் காக்க முனைந்தார். வரிகளை உடைத்து, ஒன்றை ஓரத்திலும் அடுத்ததைச் சற்று உள்தள்ளியும் படிப்படியாக இறக்கினார். வாசிப்பவரின் கண் கரைவலைக் கயிற்றைப் போல மெதுவாகவே நகரவேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல், அகப்பாட்டில் யாருக்கும் பெயர் கிடையாது என்பது. வெறும் ‘அவன்’, ‘அவள்’, ‘தோழி’. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று அமெரிக்க வாசகர் குழம்பியிருப்பார். விடை அந்தப் பதிப்பிலேயே இருந்தது. தலைவி கூற்று, தோழி கூற்று என்று நம் முன்னோர் பாட்டுக்குப் பாட்டு எழுதி வைத்த குறிப்பை ராமானுஜன் எடுத்துப் பாட்டின் தலைப்பாகவே ஆக்கினார். ‘அவள் சொன்னது’, ‘அவள் தோழி சொன்னது’. இத்தனை எளிமையான ஒன்றை அதற்கு முன் யாரும் இவ்வளவு துணிவோடு செய்யவில்லை என்பது என் கருத்து.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். அகவலின் ஓசை கரை சேரவில்லை. அதைக் கரை சேர்க்க எவராலும் ஆகாது என்றே நினைக்கிறேன்.

1967இல் இண்டியானா பல்கலைக்கழக அச்சகம் அவருடைய மொழிபெயர்ப்பைப் புத்தகமாக வெளியிட்டது. உள்நிலக் காட்சி என்று பொருள்படும் தலைப்பு. நெய்தலும் முல்லையும் வெளியே இருக்கும் நிலம் மட்டுமல்ல, மனத்துக்குள்ளும் இருப்பவை என்பதை ஆங்கில உலகம் அந்தத் தலைப்பிலிருந்தே கற்றுக்கொண்டது. பின்னொரு காலத்தில் குறுந்தொகை 40ஆம் பாட்டு, அவருடைய ஆங்கிலத்தில், லண்டன் சுரங்க ரயில் பெட்டிகளில் ஒட்டப்பட்டது. வேலைக்குப் போகும் சனம் நின்றுகொண்டே அதை வாசித்தது.

அம்மாவின் மொழிக்கு அவர் பட்ட கடன் இப்படித் தீரத் தொடங்கியது. ஆனால் தெருவின் மொழி இன்னும் மிச்சமிருந்தது. 1973இல் பெங்குவின் வெளியிட்ட அவருடைய அடுத்த பெரிய மொழிபெயர்ப்பைக் கண்டு பலர் புருவம் உயர்த்தினார்கள். பெருமாளைச் சேவிக்கும் ஐயங்கார் வீட்டில் பிறந்த பிள்ளை, கோயிலையும் சாதியையும் எதிர்த்துப் பாடிய கன்னடச் சிவனடியார்களின் வசனங்களைக் கையில் எடுத்திருந்தார். அவர்களுள் ஒருத்தி ஆடையையும் துறந்து, கூந்தலே போர்வையாக வீட்டைவிட்டு நடந்தவள்.

அவள் ராமானுஜனிடம் எப்படி வந்து சேர்ந்தாள்? அடுத்த வாரம் பார்ப்போம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். வீட்டிலோ பக்கத்து வாசிகசாலையிலோ குறுந்தொகை இருந்தால் எடுத்து, 343ஆம் பாட்டை உரையோடு ஒருமுறை வாசித்து வையுங்கள். அது ஈழத்துப் பூதன்தேவனுடையது.

(தொடரும்)