கேம்பர் வேன் கூரையில் சோலார்: கண்ணாடிப் பேனலா, வளையும் பேனலா?

ஐரோப்பாவில் வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் கூரையில் சோலார் வைக்கக் கிளம்பினால் முதல் பேச்சு வாட்டைப் பற்றித்தான். 100 போதுமா, 200 வேண்டுமா? ஃபிரிட்ஜ் எவ்வளவு இழுக்கும், பேட்டரி எத்தனை ஆம்பியர்? எல்லாம் கணக்குப் போட்டு முடித்த பிறகுதான், பேனல் எந்த வகை என்ற கேள்வி எழும். அதையும் விலையைப் பார்த்து முடிவுசெய்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். அலுமினியச் சட்டம் போட்ட கண்ணாடிப் பேனலையும், கூரையோடு கூரையாக ஒட்டிவிடும் மெல்லிய வளையும் பேனலையும் பிரிப்பது அடியில் காற்று ஓடுகிறதா என்ற ஒரே சங்கதி. மற்ற வித்தியாசங்களில் பாதி அதிலிருந்து பிறப்பவை.

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று ஃபியட் டுகாட்டோ. 1981 முதல் வந்துகொண்டிருக்கும் இந்தச் சரக்கு வேனின் மேல்தான் ஐரோப்பாவின் கேம்பர்களில் பெரும்பங்கு கட்டப்படுகிறது. உயர்கூரை மாடல் இரண்டரை மீட்டர் உயரம், எஃகுக் கூரை. இன்னொன்று ஃபோக்ஸ்வாகன் கலிபோர்னியா, டி6.1 வரிசை. உயரம் 1.99 மீட்டர். நிறுத்திய இடத்தில் அதன் அலுமினியக் கூரை முன்பக்கம் மேலெழும். அதற்குள்ளே ஒரு படுக்கை.

டுகாட்டோவை ஸ்பெயினின் தெற்கே கோர்தோபா பக்கம் ஜூலையில் நிறுத்தியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே 40 டிகிரி. பேனலின் முதுகில் எழுதியிருக்கும் 100 வாட் என்பது ஆய்வகக் கணக்கு: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பநிலை 25 டிகிரி. சிலிக்கான் செல், ஒரு டிகிரி கூடினால் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் திறனை இழக்கும். அடியில் காற்றோட்டம் உள்ள கண்ணாடிப் பேனலின் செல் 65 டிகிரியைத் தொட்டால் இழப்பு 14 சதவீதம் அளவில் நிற்கும். கூரையோடு ஒட்டிய பேனல் 80 டிகிரிக்குப் போனால் அது 19 சதவீதம். நடுவே உள்ள வித்தியாசம் ஐந்து சதவீதம்தான். அதற்காக யாரும் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

கவலைப்பட வேண்டியது அந்த வெப்பம் எங்கே போகிறது என்பதற்காக. மேலே விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாகிறது. மீதியில் பெரும்பகுதி வெறும் சூடு. கண்ணாடிப் பேனல் கூரைக்கு மேல் சில சென்டிமீட்டர் தூக்கி நிற்பதால், அடியில் ஓடும் காற்று அந்தச் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. கூடவே கூரைக்கு நிழலும் கிடைக்கிறது. முற்றத்தில் போட்ட பந்தல் மாதிரி. வளையும் பேனலில் நேர்மாறு. வெயிலைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வெள்ளைக் கூரையின் மேல் கறுப்புத் தகட்டை அப்பி வைத்தாயிற்று. சூடு பசை வழியாக இரும்புக்கு இறங்கி, அங்கிருந்து உள்ளே வருகிறது. வேனுக்குள் சூடு ஏறினால் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும். பேனல் கொடுக்கிற மின்சாரத்தில் ஒரு பங்கை, பேனலால் வந்த சூட்டைச் சமாளிக்கவே செலவழிக்கிற வேடிக்கை இது.

உள்ளே இருக்கும் பொருள் இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றே: 0.2 மில்லிமீட்டருக்கும் மெல்லிய சிலிக்கான் வில்லைகள். சிலிக்கான் வளையாது, உடையும். கண்ணாடிப் பேனலில் 3.2 மில்லிமீட்டர் கடினக் கண்ணாடியும் சட்டமும் அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஐ.இ.சி. 61215 தரச்சோதனையில் 25 மில்லிமீட்டர் பனிக்கட்டி உருண்டையை விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அதன்மேல் எறிந்து பார்க்கிறார்கள். ஆல்ப்ஸ் பக்கம் கோடையில் ஆலங்கட்டி மழையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தச் சோதனையின் அருமை புரியும். வளையும் பேனலில் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் படலம். பெட் வகைப் படலம் சில கோடைகளில் மஞ்சளித்து மங்கிவிடும்; ஈ.டி.எஃப்.இ. அதைவிட நன்றாகத் தாங்கும். வளையும் பேனல் வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்தப் படலம் என்பதுதான், வாட் அல்ல.

டுகாட்டோ கூரை வழவழப்பான சமதளமும் அல்ல. தகடு விறைப்பாக நிற்பதற்காக அழுத்திய புடைப்பு வரிகள் உண்டு. வளையும் பேனலை அவற்றின் குறுக்கே விரித்தால் பள்ளங்களின் மேல் பேனல் அந்தரத்தில் தொங்கும். கல் பாவிய பழைய ஊர்த் தெருக்களில் வண்டி அதிர அதிர, அந்தரத்தில் நிற்கும் செல்களில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். விரிசல் கண்ட செல்லின் வழியாக மற்ற செல்களின் மின்னோட்டம் முண்டிக்கொண்டு போகும்போது அந்த ஒரு புள்ளி கொதிக்கிறது. முதலில் செல்லின் மேல் நத்தை ஊர்ந்த தடம் போன்ற ஒரு பழுப்புக் கோடு. பிறகு அந்த இடத்தில் படலம் சிறு கொப்புளமாக எழும். கண்ணாடிப் பேனலிலும் இது வரலாம். ஆனால் அங்கே கீழே இருப்பது காற்று. ஒட்டிய பேனலுக்குக் கீழே பெயின்ட், அதன் கீழ் தகடு, அதன் கீழ் இன்சுலேஷன், அப்புறம் தூங்குகிறவர்களின் தலைக்கு மேலே பிளைவுட்.

எல்லா வளையும் பேனலையும் ஒரே கூடையில் போடுவதும் நியாயமல்ல. மின்தொடர்பு முழுவதையும் பின்பக்கத்தில் வைத்து, முதுகில் செம்புப் படலம் கொண்ட செல்கள் இருக்கின்றன. அவற்றில் வில்லை கீறினாலும் செம்பு இணைத்துப் பிடித்து மின்னோட்டத்தைக் காக்கும். இத்தாலியின் சோல்பியன் நிறுவனம் பாய்மரப் படகுகளுக்குச் செய்துதரும் பேனல்கள் இந்தத் தரத்தைச் சேர்ந்தவை. விலை கண்ணாடிப் பேனலை விட வெகு அதிகம்.

பசை விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். துரு பிடிக்கும் என்பதால் கூரையில் துளை போட யாரும் விரும்புவதில்லை. கண்ணாடிப் பேனலையும் பிளாஸ்டிக் கால்கள் வைத்துப் பசையால்தான் நிறுத்துகிறார்கள். சிகாஃப்ளெக்ஸ் 252 போன்ற பாலியூரிதேன் பசை இதற்குப் பேர்போனது. ஒட்டும் இடத்தைத் தேய்த்து, துடைத்து, பிரைமர் பூசி, குழாயின் மூக்கை முக்கோணமாக வெட்டிப் பசையைக் கூம்பு வரியாகப் பிழிய வேண்டும். பேனலை வைத்ததும் பலம் கொண்ட மட்டும் அழுத்தினால் காரியம் கெட்டது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம் மிஞ்சினால்தான் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். மணிக்கு 130 கிலோமீட்டரில் போகும்போது எதிர்காற்றின் அழுத்தம் 800 பாஸ்கல். அதாவது சதுர மீட்டருக்கு 80 கிலோ எடைக்குச் சமம். முன்விளிம்பில் காற்றைத் தடுக்கும் பட்டை இல்லாவிட்டால் அந்தச் சுமையில் பெரும்பங்கு பேனலைத் தூக்கப் பார்க்கும்.

இதே பசையை வளையும் பேனலின் முதுகு முழுக்கத் தடவி ஒட்டுகிறவர்கள் உண்டு. அதிகம் தடவினால் அதிகம் பிடிக்கும் என்ற எண்ணம். இந்தப் பசை காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும், அதுவும் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி. ஒரு நாளைக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர். அரை மீட்டர் அகலப் பேனலின் நடுவில் உள்ள பசைக்கு ஈரம் போய்ச் சேர வழியே இல்லை. நெடுநாள் பிசுபிசுவென்றே கிடக்கும். இடைவெளி விட்டு நீளவாக்கில் வரிகளாகப் பிழிவதே முறை. முன்விளிம்பை மட்டும் முழுதாக அடைக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் கலிபோர்னியாவுக்கு வந்தால் என் கட்சி மாறிவிடுகிறது. அந்த வண்டியை வாங்குகிறவர்கள் அதன் 1.99 மீட்டருக்காகவே வாங்குகிறார்கள். இரண்டு மீட்டர் தடைக்கம்பி போட்ட நகரத்துக் கார் பார்க்கிங்குகளில் நுழைய முடிகிற கேம்பர் அது. கண்ணாடிப் பேனலும் காலும் சேர்ந்து ஆறு ஏழு சென்டிமீட்டர் ஏற்றிவிட்டால் அந்தச் சுகம் போய்விடும். எடையும் இங்கே பெரிய விஷயம். 100 வாட் கண்ணாடிப் பேனல் ஆறு முதல் எட்டு கிலோ, வளையும் பேனல் இரண்டு கிலோ சொச்சம். டுகாட்டோ கேம்பர்களுக்குப் பெரும்பாலும் 3500 கிலோ வரம்பு உண்டு. சாதாரண கார் லைசென்சில் அதற்கு மேல் ஓட்ட முடியாது. ஆனாலும் பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தண்ணீர்த் தொட்டியைக் கொஞ்சம் குறைவாக நிரப்பிச் சரிக்கட்டிவிடலாம். மேலெழும் கூரையில் அப்படி ஈடுகட்ட முடியாது. ஏற்றிய எடையை ஒவ்வொரு இரவும் கூரை தூக்க வேண்டும், கையால் தூக்கும் மாடலில் மனிதர் தூக்க வேண்டும்.

குளிர்காலத்தில் இரண்டும் சம அளவில் ஏமாற்றும். மியூனிக்கில் டிசம்பர் உச்சிவேளையிலும் சூரியன் தொடுவானத்துக்கு மேல் 18 டிகிரிதான். படுத்துக் கிடக்கும் 200 வாட் பேனல் ஒரு நாளில் 100 வாட்-மணியைச் சற்றுத் தாண்டினாலே பெரிது. ஃபிரிட்ஜுக்கே அதைப் போல மூன்று நான்கு மடங்கு வேண்டும். வென்டிலேட்டர், டி.வி. ஆன்டெனா நிழல் விழுந்தாலும் அப்படித்தான். இரண்டு பேனல்களை இணையாக இணைத்தால் ஒன்றின் நிழல் மற்றதைத் தொடாது.

மிச்சமிருப்பது கழற்றும் நாள். கண்ணாடிப் பேனலுக்குத் திறன் உத்தரவாதமே 25 ஆண்டு என்று எழுதித் தருகிறார்கள். பழுதானாலும் கால்களில் உள்ள போல்ட்டைக் கழற்றி அன்று மாலைக்குள் வேறொன்று மாட்டலாம். வளையும் பேனல் அதற்கு வெகு முன்பே போய்விடும். ஒட்டியதைப் பெயர்க்க, விண்ட்ஸ்கிரீன் கண்ணாடியை எடுப்பவர்கள் பயன்படுத்தும் அறுக்கும் கம்பியை இருவர் இருபுறம் பிடித்து இழுக்க வேண்டும். பெயின்ட்டும் சேர்ந்து வந்தாலும் வரும். அதனால் கலிபோர்னியாவில் விவரம் தெரிந்த சிலர், நாலு மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் ஷீட்டை முதலில் கூரையில் ஒட்டி, அதன்மேல் பேனலை ஒட்டுகிறார்கள். ஷீட்டின் குழல்கள் முன்பின்னாக இருந்தால் கொஞ்சம் காற்றும் ஓடும், அறுக்கும்போது கம்பி ஷீட்டைக் கிழித்துக்கொண்டு போகுமே தவிர அலுமினியத்தைத் தொடாது. பேனலும் ஷீட்டும் சேர்ந்து ஏழெட்டு மில்லிமீட்டர். தடைக்கம்பிக்குக் கீழே இன்னும் ஒரு நூல் இடம் இருக்கிறது.