சிறுவாணி தண்ணி பாத்ரூமில் எங்கே காலியாகிறது? சம்ப் 2 நாள் கூடுதலாக வர என்ன செய்யலாம்?

கோவையில் ‘உங்க ஏரியாவுல தண்ணி எப்போ வரும்?’ என்று கேட்டால் வார்டுக்கு வார்டு பதில் மாறும். பல இடங்களில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வருகிறது. கோடையில் இந்த இடைவெளி இன்னும் நீளும். வந்த அன்னிக்கே சம்ப்பை நிரப்பி, அடுத்த முறை வரும் வரை அதை வைத்து ஓட்ட வேண்டும். அந்தத் தண்ணீர் அதிகம் செலவாவது சமையலறையில் அல்ல, பாத்ரூமில்.

நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் தேவை என்பது இந்தியாவில் குடிநீர்த் திட்டங்களுக்கான பொதுக் கணக்கு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிரிப்புப்படி இதில் குளிக்க 55 லிட்டர், கழிப்பறை ஃப்ளஷுக்கு 30 லிட்டர். இந்த இரண்டும் சேர்ந்தாலே 85 லிட்டர் ஆகிவிடுகிறது. குடிக்க 5, சமைக்க 5 லிட்டர்தான்.

கோவைக்கு இது ஏன் முக்கியம்?

நகரத்தின் பெருமையான சிறுவாணி அணை இருப்பது கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில். 1973-ல் இரு மாநிலங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அங்கிருந்து தண்ணீர் வருகிறது. அணையின் முழுக் கொள்ளளவு சுமார் 50 அடி என்றாலும், பாதுகாப்புக் காரணம் சொல்லி கடந்த சில ஆண்டுகளாக கேரளத் தரப்பு 45 அடி வரை மட்டுமே தேக்கிவருகிறது. 2016-ல் மழை பொய்த்ததால் 2017 கோடையில் அணை கிட்டத்தட்ட வறண்டே போனது. பவானி ஆற்றின் பில்லூர் அணையிலிருந்து வரும் திட்டங்கள்தான் அப்போது நகரத்துக்குக் கைகொடுத்தன. பில்லூர் 3-வது திட்டமும் 2024-ல் திறக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் இரண்டு அணைகளுமே மலையில் பெய்யும் மழையை நம்பித்தான் இருக்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது ஃப்ளஷ் டேங்க்

பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு முறை அழுத்தினால் 10 லிட்டருக்கு மேல்கூட இறக்கிவிடும். இப்போது வரும் இரட்டைப் பட்டன் டேங்கில் சின்ன பட்டனுக்கு 3 லிட்டர், பெரிய பட்டனுக்கு 6 லிட்டர் போதும். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு 5 முறை ஃப்ளஷ் செய்தால் பழைய டேங்கில் ஒரு நாளைக்கு 200 லிட்டர் போகும். புதியதில் நாலு முறை சின்ன பட்டன், ஒரு முறை பெரிய பட்டன் என்றால் 72 லிட்டர்தான். மிச்சம் 128 லிட்டர். மற்ற செலவுகள் ஆளுக்கு 105 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 8 நாளில் காலியாகும் 5,000 லிட்டர் சம்ப் 10 நாள் வரும்.

டேங்கை மாற்ற வசதியில்லையா? ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடி, மிதவையில் இடிக்காதபடி டேங்குக்குள் வைத்தால் ஒவ்வொரு ஃப்ளஷிலும் ஒரு லிட்டர் மிஞ்சும். செங்கல் மட்டும் வேண்டாம். அது கரைந்து துகள்கள் வால்வில் போய் அடைத்துக்கொள்ளும். பாட்டில் வைத்த பிறகு இரண்டு முறை அழுத்த வேண்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், லாபமில்லை.

சத்தமே இல்லாத கசிவு

ஃப்ளஷ் டேங்க் கசிவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. டேங்கில் கொஞ்சம் கேசரி பவுடரைக் கலந்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். பேசினில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். போர் தண்ணியில் உப்பு படியும் வீடுகளில் இது சீக்கிரமே நடக்கும்.

வீடு முழுக்க சோதிக்க மீட்டரை மட்டும் பார்த்தால் போதாது. மீட்டர் இருப்பது சம்ப்புக்கு முன்னால், பாத்ரூம் கசிவு மாடி டேங்குக்குப் பின்னால். அதனால் இரவு படுக்கும் முன் மாடி டேங்கில் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துவிட்டு, காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. சொட்டும் குழாய்க்கு அடியில் 10 நிமிடம் ஒரு டம்ளரை வைத்து, சேர்ந்த அளவை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் வீண் எவ்வளவு என்று தெரிந்துவிடும். வாஷர் விலையோடு ஒப்பிட்டால் உடனே பிளம்பரைக் கூப்பிடத் தோன்றும்.

பக்கெட்டா, ஷவரா?

கொங்கு வட்டாரத்தில் பெரியவர்கள் குளிப்பதை ‘தண்ணி வாத்துக்கறது’ என்பார்கள். சொம்பில் மொண்டு ஊற்றும் அந்த முறையில் ஒரு பக்கெட், மிஞ்சினால் இரண்டு பக்கெட்டில் வேலை முடிந்துவிடும். ஷவர் எவ்வளவு எடுக்கிறது என்று தெரிய, அதன் கீழே பக்கெட்டை வைத்து ஒரு நிமிடம் திறந்து பாருங்கள். ஒரே நிமிடத்தில் பக்கெட் பாதியைத் தாண்டினால், 8 நிமிடக் குளியலில் நாலு பக்கெட்டுக்கு மேல் போகிறது. சோப்பு போடும்போது ஷவரை மூடினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

கீசர், சோலார் ஹீட்டர் உள்ள வீடுகளில் சூடு வரும் வரை ஓடும் பச்சைத் தண்ணீரும் சுத்தமானதுதான். அதைப் பக்கெட்டில் பிடித்துவைத்தால் துணி அலசலாம். வாஷ்பேசின் குழாய் முனையில் ஏரேட்டர் மாட்டினால் காற்று கலந்து, குறைந்த தண்ணீரிலேயே கை கழுவ முடியும். போர் தண்ணி வரும் வீட்டில் அதில் உப்பு அடைக்கும். மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவைத்தால் சரியாகிவிடும்.

குளித்த தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடுவது இங்கே பழைய வழக்கம். தேக்கிவைக்காமல் அன்றன்றே விட வேண்டும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தண்ணீர் மட்டும் செடிப்பக்கம் போகக் கூடாது.

புதிதாக வீடு கட்டுபவர்களும் பாத்ரூமை இடித்து மாற்றுபவர்களும் ஃப்ளஷுக்கு மட்டும் போர் தண்ணியில் தனி லைன் போட்டுவிடலாம். சிறுவாணி தண்ணீர் கழிப்பறைக்குப் போகாது. இதற்கு மாடியில் தனி டேங்க் வேண்டும். போர் லைனும் குடிநீர் லைனும் எந்த இடத்திலும் இணையக் கூடாது என்று பிளம்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.